கம்ப்யூட்டரில் இருந்து பேசினால் மகளுக்கு எங்கள் குரல் போகவில்லை, உதவுங்கள்

கரூர்க்காரர்:
வணக்கம். மகளிடம் கம்ப்யூட்டரில் இருந்துதான் பேசுவோம். அவள் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் பேசுவது ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்கவில்லை. மூன்று நாளாக இப்படித்தான். வீட்டில் அழாத குறை. என்ன செய்யலாம்?

மழைத்துளி:
எந்தச் செயலி ஐயா? வாட்ஸப்பா, சிக்னலா, கூகுள் மீட்டா? டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

வைகைக்கரை:
மகள் எந்த நாட்டில்? அமீரகம் என்றால் மெனக்கெட வேண்டாம். அங்கே வாட்ஸப்பில் செய்தி போகும், குரல் அழைப்புக்குத் தடை. அபுதாபியில் இருக்கும் என் தம்பியிடம் போட்டிம் என்ற செயலி வழியாகத்தான் பேசுகிறோம்.

பழைய மோடம்:
ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் அது ரூட்டர் கோளாறு. குரல் போகிற வழி, யுடிபி போர்ட் என்பது, அடைபட்டிருக்கும். 2005லிருந்து இணையத்தில் பேசுகிறேன், இதைப் பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது. முதலில் கேள்வியை ஒழுங்காகக் கேட்கப் பழகுங்கள். டாக்டரிடம் போய் வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் மருந்து எழுதுவாரா?

மழைத்துளி:
மோடம் அண்ணே, பெரியவர் மாதிரித் தெரிகிறது. கொஞ்சம் பதமாகச் சொல்லலாமே.

கரூர்க்காரர்:
மன்னிக்கவும். மகள் ஜெர்மனியில். டெஸ்க்டாப், வாட்ஸப். முன்பு ஸ்கைப், அதை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். மருமகன் வந்தபோது இதைப் போட்டுக் கொடுத்தார். அவளுக்கு மதியம் ஒரு மணி, எங்களுக்கு மாலை நாலரை. அந்த நேரம் விட்டால் வேலைக்குப் போய்விடுவாள். நெட் வேகம் போதவில்லையோ?

சாலிடர்:
வேகம் இல்லை ஐயா. குரலுக்கு நொடிக்கு 32 கிலோபிட் இருந்தாலே தாராளம், ஒரு மணி நேரம் பேசினாலும் ஒரு பக்கத்துக்கு 15 எம்பி ஆகாது. நெட்டை விட்டுவிட்டு ஒன்று செய்யுங்கள். விண்டோஸில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து கேளுங்கள். அதிலும் குரல் இல்லை என்றால் ரூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம், மூன்று நாளைக்கு முன் எதையாவது மாற்றினீர்களா?

வைகைக்கரை:
ஸ்கைப் போனதுதான் பெரிய இழப்பு. அதில் ஊரில் இருக்கும் சாதாரண போனுக்கே அழைக்கலாம். இப்போது எந்த எண்ணுக்கும் இலவசம் என்று சில தளங்கள் வருகின்றன, அதை முயன்று பாருங்களேன்.

பழைய மோடம்:
ஸ்கைப்பிலும் போன் எண்ணுக்குக் காசு உண்டு. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மட்டும்தான் இலவசம். போன் எண்ணுக்குப் போனால் அந்த ஊர் தொலைபேசிக் கம்பெனிக்கு யாராவது கட்டணம் கொடுத்தாக வேண்டும்.

வைகைக்கரை:
நான் இரண்டு நிமிடம் இலவசமாகப் பேசியிருக்கிறேன்.

பழைய மோடம்:
விளம்பரம் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்கள் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அதுதான் விலை. பெரியவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மழைத்துளி:
இருவரும் தனி இழையில் பேசுங்கள், ஐயாவின் சிக்கல் அப்படியே கிடக்கிறது.

கரூர்க்காரர்:
ரெக்கார்டரிலும் குரல் பதியவில்லை. பழைய ஹெட்போன் ஒயர் அறுந்ததால் செல்போன் ஹெட்செட்டைப் பின்பக்கப் பச்சைத் துளையில் செருகியிருக்கிறோம். அதுதான் புதிது.

சாலிடர்:
அதுதான் காரணமாக இருக்கும். ப்ளக்கை உருவி, உலோகக் குச்சியில் கறுப்பு வளையம் எத்தனை என்று பாருங்கள். மூன்று இருந்தால் அது செல்போன் ப்ளக், நான்கு முனை. பச்சைத் துளை மூன்று முனைக்கானது, மைக்கின் கம்பி அதில் சேராது. அதனால் காதில் விழும், பேச்சு போகாது. ஒரு பக்கம் ஒற்றைத் துளையும், மறுபக்கம் பச்சையும் ரோஜா நிறமுமாக இரண்டு ப்ளக்கும் உள்ள ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். ஒரு ப்ளக், இரண்டு துளை என்று வருவதை வாங்கிவிடாதீர்கள், அது பெரும்பாலும் இரண்டு பேர் பாட்டுக் கேட்க. அலைய முடியாது என்றால் யுஎஸ்பி ஹெட்செட் போதும்.

பழைய மோடம்:
சரி, பதிவிலும் குரல் இல்லை என்றால் ரூட்டர் இல்லைதான். ஆனால் மைக் அனுமதியையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அணைந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

கரூர்க்காரர்:
வளையம் மூன்றுதான். ஸ்ப்ளிட்டர் போட்டோம், கேட்கிறது. நேற்று ஆறு மணி வரை பேசினார்கள். சாலிடர் தம்பிக்கு நன்றி.

தென்னந்தோப்பு:
எனக்கும் இதே சிக்கல். ஆனால் புளூடூத் ஹெட்செட்.

பழைய மோடம்:
எந்த மாடல்?