ராயபுரம் வீடு (குடும்பக் குழு)

சின்னவன்: ஓர் அறிவிப்பு. காலம் பார்ப்பவரைப் பொறுத்தது என்று ஐன்ஸ்டீன் 1905லேயே சொல்லிவிட்டார். ஆகவே இவன் என்னைவிட நான்கு நிமிடம் மூத்தவன் என்பதும் பார்ப்பவரைப் பொறுத்ததே. இனி அண்ணன் என்று கூப்பிட மாட்டேன்.

பெரியவன்: இதுவரை எப்போது கூப்பிட்டாய்?

அம்மா: பெற்றவள் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை: பாதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறாய். நேரமும் தூரமும் ஆளுக்கு ஆள் மாறும், சரி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் போடும் ஒரு கணக்கு மாறாது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓடும் நேரத்தில் ஒளி எவ்வளவு தூரம் போகுமோ அதன் வர்க்கத்திலிருந்து, அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்தைக் கழி. இதுதான் காலவெளி இடைவெளி. 1908இல் மின்கோவ்ஸ்கி என்ற கணித அறிஞர் விளக்கியது. ரயிலில் போகிறவர் போட்டாலும் ராக்கெட்டில் போகிறவர் போட்டாலும் விடை ஒன்றே.

சித்தப்பா: அக்கா, நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு வருகிறது?

அத்தை: நான்கு நிமிடத்தில் ஒளி 7.2 கோடி கிலோமீட்டர் போகும். இவர்கள் பிறந்தது ஒரே கட்டிலில். தூரம் பூஜ்யம். விடை மிகை எண். மிகை வந்தால் முன் பின் எவருக்கும் மாறாது.

சின்னவன்: நான் எண்ணூரில் பிறந்திருந்தால்?

அத்தை: 12 கிலோமீட்டர் என்று வை. ஒளிக்கு 40 மைக்ரோநொடி. (லாரிகளுக்கு நடுவே நமக்கு எவ்வளவு என்று கேட்காதே.) அந்த 40 மைக்ரோநொடிக்குள் நீயும் பிறந்திருந்தால் பேசலாம். நிலாவில் பிறந்திருந்தாலும் உனக்கு 1.3 நொடிதான் அவகாசம்.

பெரியவன்: சூரியனில்?

அத்தை: அங்கே பிழைத்தான். 15 கோடி கிலோமீட்டர், ஒளிக்கே 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். கழித்தால் குறை எண். இங்கிருந்து சூரியனை நோக்கி ஒளியின் பாதி வேகத்தில் பறக்கிறவர் கணக்கில் சின்னவனே மூத்தவன்.

அம்மா: சூரியனில் பிரசவம். நல்ல குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேன்.

சித்தப்பா: அங்கே மாறலாம், இங்கே மாறக் கூடாது. ஏன் இந்தப் பாரபட்சம்?

அத்தை: விஷயமே இதுதான். பெரியவன் வெளியே வந்ததும் "இன்னொன்று இருக்கிறது" என்று டாக்டர் அடுத்த வேலையைத் தொடங்கினார். முன்னது பின்னதைப் பாதிக்க முடிகிறது. இங்கே வரிசை புரண்டால் காரியம் முதலிலும் காரணம் பிறகும் வந்து நிற்கும். சூரியன் கதையில் இங்கு நடந்த சேதி நான்கு நிமிடத்தில் அங்கே போய்ச் சேரவே முடியாது. ஒன்றுக்கு ஒன்று தொடர்பில்லை, எது முந்தினாலும் எவருக்கும் நஷ்டமில்லை.

சித்தப்பா: ஒளியை முந்தும் சேதி இருந்தால்?

அத்தை: அனுப்பும் முன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டதாக யாரோ ஒருவர் கணக்கில் வரும்.

அம்மா: என் போனில் பதில்தான் முதலில் வருகிறது, கேள்வி அப்புறம்.

அத்தை: அது நெட்வொர்க், அண்ணி.

பெரியவன்: ஆக, நான்தான் மூத்தவன்.

அத்தை: பிறந்த வரிசையில் ஆமாம். வயதில் அவன் உன்னை முந்தலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வயது குறைவாகக் கூடுகிறது. நீ 24,000 ஆண்டு அங்கே இருந்தால் நான்கு நிமிடமும் கழிந்துவிடும்.

சின்னவன்: பெட்டியை நானே கட்டித் தருகிறேன்.