சிறப்பாசிரியர்களின் அடுத்த படி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிறப்புக் கல்வியில் (மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பதில்) டிப்ளமோ முடித்து ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு வழிகாட்டிக் குறிப்பு தயாராகிறது. மூன்று இடங்களில் உங்கள் உதவி தேவை.

முதலில் பதிவு. சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (RCI) பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் தொடர் பயிற்சிப் புள்ளிகள் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி வருஷத்தில் ஓடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பயிற்சியில் இடம் நிரம்பியிருக்கும். இடம் கிடைத்தாலும் சான்றிதழில் இனிஷியல் ஒரு மாதிரி, பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கும். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தைத் (NIEPMD) தவிர, தென் மாவட்டங்களில் வார இறுதியில் அங்கீகாரத்தோடு பயிற்சி நடத்துவது யார்?

அடுத்து பி.எட். சிறப்புக் கல்வி. 2021 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்றது. பணியிடம் வரும் நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படித்தவர்களே, செய்முறைப் பயிற்சி நாட்களுக்கு விடுப்பை எப்படிச் சமாளித்தீர்கள்?

மூன்றாவதுதான் முக்கியம்: தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக இலக்கு வைத்து எழுதும் திட்டம். 'சாப்பிடப் பழகிவிட்டான்' என்று எழுதினால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. 'கரண்டியைத் தானே பிடித்து, 10 வாயில் 8 வாய் சிந்தாமல், தொடர்ந்து 3 நாள்' என்றால் குழந்தையின் வளர்ச்சியும் தெரியும், ஆசிரியரின் உழைப்பும் தெரியும். இப்படி எழுதிய பக்கங்கள் இருந்தால், குழந்தையின் பெயர், ஊர், படம் நீக்கி அனுப்புங்கள்.