அப்பாவுக்குக் காதுக்குப் பின்னால் வலி, இனிப்புநீரும் (நீரிழிவு) இருக்கிறது: எண்ணெய் விடலாமா?

செந்தூல் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு வயது 68, பல வருடமாக இனிப்புநீர். இப்போது வலது காதுக்குப் பின்னால் எலும்பில் வலி. பகலில் தாங்கிக்கொள்கிறார், இரவில் தூக்கமே இல்லை. பனடால் போட்டும் வலி கேட்கவில்லை. காய்ச்சல், வீக்கம் எதுவும் இல்லை. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 13 mmol/L காட்டுகிறது, வழக்கமாக 8க்குள் இருக்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கழுத்து நரம்புதான், நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விடு என்கிறார்.

பட்டர்வொர்த் தாதி:
எண்ணெய் வேண்டாம் தங்கச்சி. காதில் சீழ் வடிகிறதா? அண்மையில் காது கழுவினாரா? வாய் கோணுகிறதா? காதைச் சுற்றிக் கொப்புளம் உண்டா?

கழுத்துத் தசை, கடைவாய்ப் பல், தாடை மூட்டு எது கெட்டாலும் அங்கே வலிக்கும். கொப்புளம் இருந்தால் அக்கி, அதற்குச் சீக்கிரம் மருந்து தொடங்க வேண்டும். முகவாதம் வரும் முன்னும் அந்த இடத்தில் வலி வரலாம், இனிப்புநீர்க்காரர்களுக்கு அது கூடுதலாக வரும். நடுக்காதுக் கிருமி பின்னெலும்புக்குப் பரவினால் அங்கே சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளி நிற்கும்.

நீ சொல்வதில் எனக்குப் பயம் வேறு. காதுக்குழாயில் தொடங்கி மண்டையோட்டின் அடி எலும்பு வரை அரித்துக்கொண்டு போகும் ஒரு தொற்று உண்டு. பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமிதான் காரணம், வயதான இனிப்புநீர்க்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். காய்ச்சல் இல்லாமலேயே இருக்கும். வெளியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, இரவு வலி மட்டும் உயிரை எடுக்கும்.

செந்தூல் மகள்:
கொப்புளம் இல்லை அக்கா, முகமும் நன்றாக இருக்கிறது. ஆனால் போன மாதம் காது கழுவினார்கள். தலையணை உறையில் மஞ்சள் கறையும் இருக்கிறது. திங்கட்கிழமை கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போனால் போதுமா?

பட்டர்வொர்த் தாதி:
போதாது, இன்றே கிளம்பு. செந்தூலில் இருந்து எச்.கே.எல் (கோலாலம்பூர் மருத்துவமனை) பக்கம்தானே, அவசரப் பிரிவுக்குப் போ. கவுண்டரில் வெறும் காது வலி என்று சொன்னால் நெடுநேரம் உட்கார வைத்துவிடலாம். கென்சிங் மானிஸ் (மலாயில் இனிப்புநீர்), சீழ் வடிகிறது, இரவில் தூக்கமில்லை, மூன்றையும் சேர்த்துச் சொல். மருந்துப் பட்டியலையும் சீனிக் கணக்கையும் எடுத்துப் போ.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
எங்கள் மாமாவுக்கும் இதே கதைதான். ஒரு தனியார் கிளினிக்கில் சொட்டு மருந்தையே மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கடைசியில் முகத்தின் ஒரு பக்கம் செத்துவிட்டது. தாமதிக்காதீர்கள்.

செந்தூல் மகள்:
அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். காதுக்குழாயில் சதை வளர்ந்திருக்கிறதாம். சீழைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள், நாளைக்கு சி.டி. ஸ்கேன். டிரிப்பில் மருந்து ஏறுகிறது, இன்சுலினும் போடுகிறார்கள். அக்கா, வலி குறைந்தால் வீட்டுக்கு விட்டுவிடுவார்களா?

பட்டர்வொர்த் தாதி:
வலி முதலில் குறையும், எலும்பு ஆற நாளாகும். மருந்து பொதுவாக ஆறு வாரமாவது போகும், பாதியில் மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். அப்போது அப்பா "சரியாகிவிட்டது" என்று நிறுத்தப் பார்ப்பார், விடாதே. குளிக்கும்போது காதில் தண்ணீர் போகக்கூடாது, காட்டன் பட் வீட்டிலேயே வேண்டாம். வாய் கோணினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, குரல் கம்மினாலோ அடுத்த அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்காமல் உடனே திரும்பக் கூட்டிப் போ.