மான்ஸ்டரைப் பேச வைத்தது தப்பா?

பழையசுருள்:
நேற்று ‘நள்ளிரவுக்காட்சி’ ஒரு பதிவு போட்டிருந்தார். 1931-இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ மட்டும்தான் படமாம். 1935-இல் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ கல்லா கட்ட எடுத்ததாம். பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உயிர் கொடுத்த மான்ஸ்டரைப் பேச வைத்து, இயக்குநர் ஜேம்ஸ் வேல் தன் படத்தைத் தானே கெடுத்துக்கொண்டாராம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஐயா, அந்தக் குடிசைக் காட்சியைப் பார்த்தீர்களா? ஊரே துரத்தி, காயம்பட்டு வருகிறது மான்ஸ்டர். வயலின் சத்தம் கேட்டு வாசலில் நிற்கிறது. உள்ளே இருக்கும் பெரியவருக்குக் கண் தெரியாது. அதனால் பயமும் இல்லை. படுக்க வைக்கிறார், கஞ்சி கொடுக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து “எனக்கு ஒரு நண்பனை அனுப்பினாயே” என்று கடவுளுக்கு நன்றி சொல்லி அழுகிறார். மான்ஸ்டர் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்குகிறது. மெல்லக் கை எடுத்து அவர் முதுகில் வைக்கிறது. அப்புறம்தான் பேச்சு வருகிறது: ரொட்டி, நண்பன், நல்லது. இதையா கெடுத்தார் என்கிறீர்கள்?

நள்ளிரவுக்காட்சி:
பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கண்ணீரும் கையும் வந்த பிறகுதான் பேச்சு வருகிறது என்று. அழ வைத்தது பேச்சு இல்லையே!

முதல் படத்தில் கூரையைத் திறப்பார்கள். மேலிருந்து வெளிச்சம் விழும். மான்ஸ்டர் எழுந்து அந்த வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டும். வசனம் இல்லை, பின்னணி இசைகூட இல்லை. அதைவிடவா ‘ரொட்டி, நல்லது’ பெரிது? கார்லாஃபே வேண்டாம் என்றவர். மான்ஸ்டர் பேசக் கூடாது என்று நடித்தவரே சொன்னார். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

யாழினி_திரை:
மேரி ஷெல்லியின் 1818 நாவலில் அது பக்கம் பக்கமாகப் பேசும். ஒரு குடும்பத்தை மறைந்திருந்து கவனித்துப் பேசக் கற்றுக்கொள்ளும். அந்த வீட்டுப் பெரியவருக்கும் கண் தெரியாது, அவரிடம்தான் போய் முதலில் பேசும். மூலத்தில் இருந்த பேச்சைப் பறித்தது முதல் படம். இரண்டாவது படம் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

நள்ளிரவுக்காட்சி:
நாவலைப் பற்றி யார் கேட்டது? நாவல்தான் அளவுகோல் என்றால் மான்ஸ்டருக்காகச் செய்யும் மணப்பெண்ணே கிடையாது. உயிர் கொடுப்பதற்கு முன்பே, மான்ஸ்டரைப் படைத்த விக்டர் அவளைக் கிழித்துப் போட்டுவிடுவான். படத்தின் தலைப்பே போய்விடும், பரவாயில்லையா? மறுபடி சொல்கிறேன், கார்லாஃபே வேண்டாம் என்றார்.

கடைசிவரிசை:
தலைப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மணப்பெண் மணப்பெண் என்று 70 நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் சில நிமிடம் வந்து கத்திவிட்டுப் போகிறாள். எனக்குப் பிடித்தது, அவளைச் செய்யத் தூண்டும் டாக்டர் பிரிட்டோரியஸ்தான். கண்ணாடிக் குப்பிக்குள் குட்டி மனிதர்கள்! அந்தக் குட்டி ராஜா குப்பியை விட்டு ஏறி ராணியிடம் ஓட, பிரிட்டோரியஸ் இடுக்கியால் தூக்கித் திரும்பப் போடுவாரே, அதற்கே காசு சரி.

யாழினி_திரை:
“கத்திவிட்டுப் போகிறாள்” என்று எழுதக் கை எப்படி வந்தது? எல்சா லான்செஸ்டர் படத்தின் தொடக்கத்தில் மேரி ஷெல்லியாகவும் முடிவில் மணப்பெண்ணாகவும் வருகிறார். கதையை எழுதியவளும் கதைக்குள் பிறப்பவளும் ஒரே முகம். நடிகர் பட்டியலில் மணப்பெண்ணுக்கு நேரே பெயர் இல்லை, வெறும் கேள்விக்குறி. லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்கா அன்னப்பறவைகளிடமிருந்துதான் அந்தச் சீறலை எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கழுத்தைப் பறவை மாதிரி வெட்டி வெட்டித் திருப்புவதைக் கவனியுங்கள். அந்தச் சில நிமிடம்தான் 90 வருடமாக நிற்கிறது.

கடைசிவரிசை:
நான் நேரத்தைச் சொன்னேன். நடிப்பைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு எப்போதும் இதே வழக்கம். போன மாதம் டிராகுலா விவாதத்திலும் நான் எழுதாத வரிக்குப் பதில் எழுதினீர்கள்.

யாழினி_திரை:
டிராகுலாவில் நீங்கள்தான் பாதியில் ஓடிப்போனீர்கள். பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பழையசுருள்:
டிராகுலாவை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கார்லாஃப் வேண்டாம் என்றார், சரி. நானும் மறுக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்ற மனிதர் அதை எப்படி நடித்தார் என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து கல் பெயர்ப்பது போல எடுக்கிறார். கடைசியில் மணப்பெண் பக்கத்தில் போய், கையை நீட்டி, “நண்பன்?” என்று கேட்கிறது. அவள் அலறுகிறாள். “என்னை வெறுக்கிறாள், மற்றவர்களைப் போலவே” என்கிறது. குடிசையில் அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்த அதே சொல்! நல்ல சொல் என்று நம்பி ஊரெல்லாம் சுமந்து வந்து, தனக்கென்று செய்த ஒருத்தியிடம் நீட்டுகிறது. அங்கேயும் செல்லவில்லை. பேச்சே இல்லாவிட்டால் இந்த இடம் எங்கிருந்து வரும்? என் அப்பாவுடன் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். பேய்ப் படம் என்று அலட்சியமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அந்தச் சொல் வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

நள்ளிரவுக்காட்சி:
நீட்டிய கை போதாதா? சொல் எதற்கு? இன்னொன்றும் கேளுங்கள். முதல் படத்தில் கார்லாஃப் ஒரு பக்கத்துப் பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு நடித்தார். அதனால்தான் கன்னம் ஒட்டிப் பிணம் மாதிரி இருக்கும். இரண்டாவதில் பேச வேண்டியிருந்ததால் கழற்ற முடியவில்லை. முகம் நிறைந்துவிட்டது. பேச்சு முகத்தையே கெடுத்துவிட்டது! ஜாக் பியர்ஸ் எவ்வளவு பாடுபட்டு ஒப்பனை போட்டு என்ன பயன்?

பழையசுருள்:
ஜாக் பியர்ஸ் பெயரை நீங்கள் எடுத்ததே சந்தோஷம். முதல் பட முடிவில் காற்றாலை எரிகிறது, அதிலிருந்து தப்பியதுதான் இந்த மான்ஸ்டர். அதற்காகத் தலைமுடி கருகியது போல, தோல் வெந்தது போல புதிதாகப் போட்டார் பியர்ஸ். உங்கள் கண்ணில் கன்னம் மட்டும்தான் பட்டதா?

கடைசிவரிசை:
நள்ளிரவுக்காட்சி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குடிசையை 1974-இல் மெல் புரூக்ஸ் தன் நகைச்சுவைப் படத்தில் கிண்டல் செய்தாரே, கொதிக்கும் சூப்பை மடியில் ஊற்றும் இடம். அதைப் பார்த்த பிறகு எனக்கு மூலத்தில் அழுகை வரவில்லை.

பழையசுருள்:
கிண்டல் செய்தவர் மேல் கோபம் என்றால் அவரிடம் போங்கள். 1935-இல் எடுத்தவர் என்ன பாவம் செய்தார்?

நள்ளிரவுக்காட்சி:
முடிவையாவது ஒழுங்காக எடுத்தார்களா? மான்ஸ்டரைப் படைத்த ஹென்ரி (நாவலின் விக்டர்தான் படத்தில் ஹென்ரி) ஆய்வகத்தோடு சாவதாகத்தான் முதலில் எடுத்தார்கள். பிறகு மாற்றி அவருடைய ஜோடி எலிசபெத்தோடு தப்ப வைத்தார்கள். வெடிக்கும்போது நிறுத்திப் பாருங்கள், தப்பிப் போன ஹென்ரி உள்ளேயே சுவரோரம் நிற்பார். இதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள்.

யாழினி_திரை:
பேச்சு விஷயத்தில் தோற்றதும் வெடிப்புக்கு ஓடிவிட்டார்.

நள்ளிரவுக்காட்சி:
நான் எங்கும் ஓடவில்லை. கார்லாஃபே வேண்டாம் என்றார். அதைத் தாண்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழையசுருள்:
நான் ஒரு பத்தி முழுக்க எழுதினேன். ஹென்ரி நிற்பது எனக்கும் தெரியும், நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன்தான். அதற்குச் சில நொடி முன்னால் பாருங்கள். ஆய்வகத்தை வெடிக்க வைக்கும் நெம்புகோலில் கை வைத்தபடி மான்ஸ்டர் ஹென்ரியையும் எலிசபெத்தையும் “போங்கள், வாழுங்கள்” என்று அனுப்புகிறது. பிரிட்டோரியஸைப் பார்த்து “நீ இரு, நாம் சாக வேண்டியவர்கள்” என்கிறது. கண்ணில் நீர். மணப்பெண் சீறுகிறாள். நெம்புகோல் இறங்குகிறது. யார் வாழ வேண்டும், யார் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல அதற்கு வாய் வேண்டாமா?

நள்ளிரவுக்காட்சி:
வேண்டாம். நெம்புகோல் போதும்.

பழையசுருள்:
“நண்பன்?” என்று கேட்ட இடத்துக்குப் பதில் சொல்லுங்கள். காலையிலிருந்து கேட்கிறேன்.

கடைசிவரிசை:
யாழினி, டிராகுலா பதிவைத் தேடி எடுத்துவிட்டேன். நான் ஓடவில்லை. கடைசிப் பதில் என்னுடையதுதான்.