எதிர்பாராத பாதையில் போன நெட்வொர்க் டிராஃபிக்: நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

இரவுப்பணி:

எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு இணையச் சேவை நிறுவனங்களின் இணைப்பு உண்டு. இரண்டிலும் பிஜிபி ஓடுகிறது; எந்த முகவரிக்கு எந்த வழியில் போகலாம் என்பதை வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை அது. உள்ளே வரும் டிராஃபிக் பெரிய இணைப்பின் வழியாகவே வர வேண்டும் என்பதற்காக, மாற்று இணைப்பில் எங்கள் ஏஎஸ் எண்ணை (வலையமைப்பின் அடையாள எண்ணை) ஐந்து முறை கூடுதலாகப் பிரீபெண்ட் செய்து, அதாவது முன்னால் சேர்த்து வழியை நீளமாகக் காட்டி, அறிவித்திருந்தோம். அப்படியிருந்தும் மாற்று இணைப்பில் பகல் முழுவதும் டிராஃபிக் வந்துகொண்டே இருந்தது. அதற்குக் கட்டணம் 95ஆவது பெர்சன்டைல் முறையில் என்பதால், மாதத்தில் ஏறத்தாழ 36 மணி நேர உச்சத்தை மட்டுமே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் போனால் பில் ஏறிவிடும். நிதிப் பிரிவு கேள்வி கேட்கத் தொடங்கியது.

மாற்று நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸில் (அவர்கள் ரூட்டர் அறிந்த வழிகளை வெளியாரும் பார்க்கும் பக்கத்தில்) எங்கள் முகவரியைத் தேடிப் பார்த்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, பெரிய நிறுவனத்தைச் சுற்றி வரும் குறுகிய ஏஎஸ் பாத் (வழியில் உள்ள ஏஎஸ் எண்களின் வரிசை). மற்றொன்றில் எங்கள் எண்ணே ஆறு முறை வரிசையாக நின்றது. சிறந்த வழி என்னும் அம்புக்குறி அந்த நீண்ட வரிசையின் பக்கத்தில்தான் இருந்தது. லோக்கல் பிரிஃபரன்ஸ் (ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி வழிகளுக்குத் தரும் முன்னுரிமை எண்) பத்தியைப் பார்த்ததும் காரணம் விளங்கியது: வாடிக்கையாளரிடமிருந்து நேரடியாகக் கேட்கும் வழிக்கு அவர்கள் உயர்ந்த எண்ணை வைத்திருந்தார்கள். லோக்கல் பிரிஃபரன்ஸை ஒப்பிட்டு முடித்த பிறகுதான் பிஜிபி ஏஎஸ் பாத்தின் நீளத்தையே எண்ணும். ஐந்து முறை என்ன, ஐம்பது முறை சேர்த்திருந்தாலும் அந்த ரூட்டர் அதைக் கவனித்திருக்காது.

அவர்களே வெளியிட்டிருந்த கம்யூனிட்டி (வழியுடன் ஒட்டி அனுப்பும் குறிச்சொல்) ஒன்றை எங்கள் அறிவிப்பில் சேர்த்தோம். அவர்கள் பக்கம் லோக்கல் பிரிஃபரன்ஸ் இறங்கியது, டிராஃபிக் மாறியது. இன்றும் என்னை உறுத்துவது அவர்களுடைய உதவி மையம் முன்பு தந்த பதில்தான். "உங்கள் பிரீபெண்ட் எங்களுக்குச் சரியாக வருகிறது" என்றார்கள். அது முழு உண்மை. எனக்கு எள்ளளவும் பயன்படாத உண்மை.

கம்பிவடம்:

நண்பர் இரவுப்பணி சொல்வதைப் படிப்பவர்கள், பிரீபெண்ட் பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லோக்கல் பிரிஃபரன்ஸ் சமமாக உள்ள தொலைதூர வலையமைப்புகளில் அது வேலை செய்யத்தான் செய்கிறது. எனக்கும் இதே போன்று நேர்ந்தது. கம்யூனிட்டி வசதி இல்லாத நிறுவனம் என்பதால் நான் முகவரித் தொகுதியைப் பிரித்து அறிவித்துச் சமாளித்தேன். என் கதை அவ்வளவுதான்.

நீங்களும் அதையே செய்யலாம். உங்களிடம் /22 இருந்தால் (சாய்கோட்டுக்குப் பின் உள்ளது முன்னொட்டின், அதாவது முகவரியின் பொதுவான தொடக்கப் பகுதியின், நீளம்; அது கூடக் கூடத் தொகுதி சிறிதாகும்), இரண்டு இணைப்புகளிலும் /22ஐ அறிவியுங்கள். பெரிய இணைப்பில் மட்டும் அதை இரண்டு /23களாகவும் சேர்த்து அறிவியுங்கள். பாக்கெட்டை அனுப்பும் ரூட்டர் எப்போதும் மிக நீளமான முன்னொட்டையே எடுத்துக்கொள்ளும். லோக்கல் பிரிஃபரன்ஸ், ஏஎஸ் பாத், மெட் (அண்டை வலையமைப்பு தரும் முன்னுரிமை எண்) எல்லாம் ஒரே முன்னொட்டுக்குப் பல வழிகள் இருக்கும்போது மட்டுமே பேச்சுக்கு வரும். பெரிய இணைப்பு அறுந்தால் /23கள் மறைந்துவிடும், /22 தானாகவே தாங்கிக்கொள்ளும்.

இந்த விதிக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு 2008 பிப்ரவரி 24 ஒன்றே போதும். நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் உருவாக்கிய 208.65.153.0/24 என்னும் வழி, அதற்கு மேலே இருந்த இணையச் சேவை நிறுவனமான பிசிசிடபிள்யூ வழியாக உலகெங்கும் கசிந்தது. யூடியூப் அறிவித்துக்கொண்டிருந்ததோ 208.65.152.0/22. உலகின் பெரும்பகுதி ரூட்டர்கள் யோசிக்காமல் /24ஐப் பின்பற்றின. யூடியூபும் முதலில் அதே /24ஐயும் பிறகு இரண்டு /25களையும் அறிவித்துத்தான் தன் டிராஃபிக்கை மீட்க முயன்றது. ஒரு பாதை புரியாத விதமாகப் போனால், முன்னொட்டின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன் வேறு எதையும் பார்க்காதீர்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் தம்பிகளிடம் சொல்லுவேன்.

பழைய ரூட்டர்:

கம்பிவடம் அவர்களே, நீங்கள் சொல்வது நுட்ப அளவில் சரி. ஆனால் ஆளாளுக்கு இப்படிப் பிரித்து அறிவித்ததன் விளைவை 2014 ஆகஸ்ட் 12 அன்று பார்த்தோம். உலக ஐபிவி4 ரூட்டிங் டேபிள் (வழிகளின் பட்டியல்) 512 ஆயிரம் என்னும் எல்லையைத் தொட்டதும், நினைவகத்தில் அவ்வளவே ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரூட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. இன்று அந்த டேபிள் 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மேலும், ஒற்றை /24 மட்டுமே வைத்திருப்பவர் எதைப் பிரிப்பார்? அதைவிட நீளமான முன்னொட்டுகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் வடிகட்டிவிடும்.

கம்யூனிட்டி வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் மாற்று நிறுவனம், தனக்கு மேலுள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர். அந்தப் பெரிய நிறுவனமும் எங்கள் முதன்மை நிறுவனமும் ஒன்றுக்கொன்று பியர், அதாவது சமநிலையில் இணைந்தவை. கம்யூனிட்டி போட்ட பின் எல்லாம் சீராக ஓடியது. ஒரு நாள் முதன்மை இணைப்பு அறுந்தது, டிராஃபிக் மாற்று இணைப்புக்கு வந்தது; அதில் குறையில்லை. முதன்மை இணைப்பு சரியான பிறகும் டிராஃபிக்கின் ஒரு பகுதி திரும்பவே இல்லை. இரண்டு பக்கமும் கன்ஃபிகரேஷனில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை என்பதுதான் எங்களைத் திணறடித்தது.

நடந்தது இதுதான். இணைப்பு அறுந்த வேளையில் மாற்று நிறுவனம் எங்கள் வழியை மேலே அறிவித்தது. மேலுள்ள நிறுவனத்துக்கு அது வாடிக்கையாளர் வழி. முதன்மை வழி பியர் மூலமாகத் திரும்பி வந்தபோது, வாடிக்கையாளர் வழியே அதற்கு உயர்ந்ததாகப் பட்டதால் அதை விடவில்லை. அது விடாத வரையில் மாற்று நிறுவனத்துக்கு வேறு வழி மேலிருந்து கேட்காது. அதனால் அதுவும் எங்கள் நேரடி வழியைக் கைவிடாது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. மாற்று இணைப்பின் பிஜிபி செஷனைச் சிறிது நேரம் இறக்கி ஏற்றியதும் பழைய நிலை திரும்பியது. 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4264 என்னும் இணைய நுட்ப ஆவணம் இந்த நிலையை "பிஜிபி வெட்ஜி" என்ற பெயரில் விளக்குகிறது. இரவுப்பணி அவர்கள் தம்முடைய மாற்று நிறுவனத்துக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பதை இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

கோவைச்சுவிட்ச்:

என்னுடையது சிறிய கதை. பிஜிபி இல்லை, வெறும் ஓஎஸ்பிஎஃப் (ஒரே நிறுவனத்துக்குள் வழி கண்டுபிடிக்கும் முறை). பழைய 1 ஜிகாபிட் இணைப்புக்குப் பக்கத்தில் புதிதாக 10 ஜிகாபிட் போட்டோம். மறுநாள் கிராஃபைத் திறந்தால், இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. 3 ஜிகாபிட் டிராஃபிக் வரும் நேரத்தில் ரூட்டர் அதைச் சரிபாதியாகப் பங்கிட, பழைய இணைப்பு ஒன்றரை ஜிகாபிட்டைத் தாங்காமல் பாக்கெட்டுகளை உதிர்த்தது. புதியதில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. எங்கள் ரூட்டர்களில் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் (குறைந்த எண்ணே வெல்லும்) கணக்கின் ரெஃபரன்ஸ் பேண்ட்வித் இயல்பாக 100 மெகாபிட். அதை இணைப்பின் வேகத்தால் வகுத்து, 1க்குக் கீழே வந்தால் 1 என்றே வைத்துக்கொள்ளும். ஆகவே 100 மெகாபிட்டும் 1 ஜிகாபிட்டும் 10 ஜிகாபிட்டும் அதற்கு ஒன்றே. எல்லா ரூட்டர்களிலும் ஒரே மாதிரியாக ரெஃபரன்ஸை உயர்த்தினோம், முடிந்தது. புதிய இணைப்பைத் திறந்து வைத்து இனிப்பு வழங்கிய மேலாளரிடம் அந்தக் கிராஃபை விளக்கியதுதான் கடினமாக இருந்தது.

வைகைக்கரை:

மதுரைக்கும் கோவைக்கும் இடையே எங்களுக்குக் குத்தகை ஃபைபர் உண்டு, அதில் ஓஎஸ்பிஎஃப். எல்லாக் கிளைகளையும் இணைக்க ஒரு நிறுவனத்தின் எம்பிஎல்எஸ் சேவையும் உண்டு, அதில் ஈபிஜிபி (வேறொரு ஏஎஸ்ஸுடன் ஓடும் பிஜிபி). எம்பிஎல்எஸ் வந்த அன்றிலிருந்து கோவையின் பிங் சில மில்லிசெகண்டிலிருந்து 40க்கு மேல் ஏறியது. பாக்கெட் கடக்கும் ரூட்டர்களைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தால், மதுரைக்குப் போக வேண்டிய பாக்கெட் மும்பையைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஃபைபரில் எந்தக் கோளாறும் இல்லை, அடுத்த முனை ரூட்டருடன் ஓஎஸ்பிஎஃப் தொடர்பும் முழு நிலையில் இருந்தது. ரூட்டிங் டேபிளில் மட்டும் அந்த வழியைக் காணவில்லை. சிஸ்கோ ரூட்டரில் ஈபிஜிபியின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (எந்த முறையின் வழியை ஏற்பது என்பதற்கான எண், குறைந்ததே வெல்லும்) 20, ஓஎஸ்பிஎஃபின் டிஸ்டன்ஸ் 110. ஒரே முன்னொட்டு இரண்டிலும் வந்தால் 20 வென்றுவிடும். ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்டை எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை, ஏனென்றால் அந்த எண்ணை இங்கு யாரும் கேட்பதே இல்லை. பிஜிபியில் அந்த முன்னொட்டுக்கான நெட்வொர்க் கட்டளையின் முடிவில் "பேக்டோர்" என்று சேர்த்தோம். ஈபிஜிபி வழியின் டிஸ்டன்ஸ் 200 ஆனது. ஃபைபர் உயிர் பெற்றது.

மாற்றுக்கருத்து:

வைகைக்கரை அவர்கள் சொல்வதை எல்லா ரூட்டருக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த டிஸ்டன்ஸ் எண்கள் எந்தத் தரநிலையிலும் இல்லை. தயாரிப்பாளர் தம் விருப்பத்துக்கு வைத்தவை. ஜூனிப்பர் நிறுவனத்தின் ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப் உள்வழிக்கு 10, வெளிவழிக்கு 150, பிஜிபிக்கு 170. அதே வடிவமைப்பை ஜூனிப்பரில் செய்திருந்தால் ஃபைபரே முதலிலிருந்து வென்றிருக்கும்.

நான் கண்டது இரண்டும் கலந்த ஒன்று. ஒரு முனையில் பழுதான சிஸ்கோவுக்குப் பதில் ஜூனிப்பரை வைத்தார்கள். அந்த முனையிலிருந்து பாக்கெட் ஃபைபரில் போனது. மறு முனையின் சிஸ்கோ பதிலை எம்பிஎல்எஸ்ஸில் அனுப்பியது. ஃபயர்வால் எம்பிஎல்எஸ் பக்கம் மட்டுமே இருந்தது. தொடக்கத்தில் போன, இணைப்பு கேட்கும் சின் பாக்கெட்டை அது பார்த்ததே இல்லை. அதற்குப் பதிலாகத் திரும்பி வந்த சின்-ஆக்கைப் பார்த்ததும், கேட்காத கேள்விக்கு வந்த பதில் என்று வீசியெறிந்தது. ஃபயர்வால் குழுவினர் தம் லாகில் இருந்த அந்த வரியைக் காட்டி, "சர்வரில்தான் கோளாறு, அது சின் இல்லாமலே பதில் அனுப்புகிறது" என்று வாதிட்ட கூட்டத்தை என்னால் மறக்க முடியாது.

கருப்புத்திரை:

நான் நெட்வொர்க் ஆள் இல்லை, மென்பொருள் எழுதுபவன். அலுவலகத்தில் ஒரு சர்வர் 172.17 என்று தொடங்கும் முகவரியில் இருந்தது. எல்லோருக்கும் அது கிடைத்தது. என் லினக்ஸ் மடிக்கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லை. பிங் கொடுத்தால் "இலக்கை அடைய முடியவில்லை" என்ற பதில் 172.17.0.1 என்ற முகவரியிலிருந்து வந்தது. அந்த ரூட்டர் யாருடையது என்று நெட்வொர்க் குழுவிடம் கேட்டேன். அப்படி ஒன்று தங்களிடம் இல்லை என்றார்கள். அது என் கணினியேதான். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் தன் பிரிட்ஜுக்கு (கணினிக்குள் இருக்கும் வலையமைப்புக்கு) இயல்பாக 172.17.0.0/16ஐ எடுத்துக்கொள்கிறது, டிஃபால்ட் ரூட்டைவிட (வேறு வழி பொருந்தாதபோது எடுக்கும் வழியைவிட) அது நீளமான முன்னொட்டு என்பதால் பாக்கெட் மடிக்கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. ரூட்டிங் டேபிள் முழுவதையும் படிப்பதைவிட, "ஐபி ரூட் கெட்" கட்டளையிடம் இலக்கு முகவரியைக் கொடுத்துக் கேட்டால், எந்த இன்டர்ஃபேஸில் போகும் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. டாக்கரின் அமைப்புக் கோப்பில் வேறு முகவரித் தொகுதியைக் கொடுத்ததும் சர்வர் கிடைத்தது.

நடுக்கடல்:

வைகைக்கரை அவர்களுக்கு டிரேஸ்ரூட் உதவியது மகிழ்ச்சி. ஆனால் அது எப்போதும் ஒரு பாதையைத்தான் காட்டுகிறது என்று நம்புவதை நான் ஏற்க மாட்டேன். சமமான பல இணைப்புகள் இருக்கும்போது, ரூட்டர் அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் போர்ட் எண்களையும் ஹேஷ் செய்து (ஒரே எண்ணாகச் சுருக்கி) பாக்கெட்டுகளைப் பங்கிடும். பழைய டிரேஸ்ரூட் ஒவ்வொரு சோதனைப் பாக்கெட்டிலும் போர்ட் எண்ணை மாற்றுவதால், ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இணைப்பிலிருந்து வந்து, உண்மையில் இல்லாத ஒரு பாதையை ஒட்டுப்போட்டுக் காட்டக்கூடும். இதைத் தவிர்க்கவே 2006இல் பாரிஸ் டிரேஸ்ரூட் வந்தது. அது ஹேஷுக்குள் போகும் புலங்களை மாற்றாமல் வைத்திருக்கும்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வலைப்பக்கம் ஒரு முறை திறக்கிறது, இன்னொரு முறை தொங்குகிறது என்று முறையிட்டார். அவர் அனுப்பிய டிரேஸ்ரூட்டில் ஒரே ரூட்டர் இரண்டு முறை தோன்றியதைப் பார்த்து, லூப் (பாக்கெட் வட்டமடிப்பது) இருக்கிறது என்று எங்கள் குழுவில் ஒருவர் அறுதியிட்டுச் சொன்னார். நான் அனுப்புநர் போர்ட்டை நிலையாக வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகச் சோதித்தேன். நான்கு இணைப்புகள் கொண்ட தொகுப்பில் குறிப்பிட்ட சில போர்ட் எண்கள் மட்டும் தவறாமல் தோற்றன. மற்றவை தவறாமல் வென்றன. அந்த எண்கள் எல்லாம் மூன்றாம் இணைப்பில் விழுபவை. அதன் ஆப்டிக்கில் (ஒளிக் கருவியில்) பாக்கெட் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆனால் இணைப்பு விழவில்லை, எனவே ரூட்டர் அதற்கு உரிய பங்கைத் தொடர்ந்து அனுப்பியது. அந்த ஒன்றைத் தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்தோம். தொங்கல் நின்றது, லூப் என்றவர் இன்னும் லூப் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.