இங்கிலீஷ்ல ஆல்தோ போட்டா பட் போடக் கூடாதா? மெயில் திரும்பித் திரும்பி வருது, அவசரம்

பீன்யா_டிஸ்பாச் | காலை 11:40
வணக்கம். கஸ்டமருக்குப் போக வேண்டிய மெயில் ரெண்டாவது தடவையா மேனேஜர்கிட்ட இருந்து திரும்பி வந்திருக்கு. "கனெக்டர்ஸ் தப்பு, சரி பண்ணு"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க, அதாவது இணைப்புச் சொற்கள். ஆல்தோவும் பட்டும் ஒரே வாக்கியத்துல வரக் கூடாதுன்னு பக்கத்து சீட்டுக்காரர் சொல்றார். பட்டை எடுத்தா வாக்கியம் அந்தரத்துல நிக்கிற மாதிரி இருக்கு. வேர்ட்ல நீலக் கோடும் போக மாட்டேங்குது. 3 மணிக்குள்ள அனுப்பணும். சீக்கிரம் சொல்லுங்க.

அல்சூர்_வாசகன் | 11:46
முழு வாக்கியத்தையும் போடுங்க ப்ரோ. ஆல்தோ வாக்கியத்தோட முதல்லயா, நடுவுலயா? அது தெரியாம எதுவும் சொல்ல முடியாது.

ஹெப்பால்_கீபோர்ட் | 11:49
நீலக் கோடு எந்தச் சொல்லுக்குக் கீழ வருது? அது மேல ரைட் கிளிக் பண்ணுங்க, காரணத்தை அதுவே சொல்லும். என் கணிப்பு கமா. இணைப்புச் சொல்லுல ஆரம்பிக்கிற துணை வாக்கியம் முன்னாடி வந்தா அது முடியுற இடத்துல கமா வேணும். "இஃப் இட் ரெயின்ஸ், வி வில் வெயிட்." அதையே பின்னாடி தள்ளினா கமா வேண்டாம்: "வி வில் வெயிட் இஃப் இட் ரெயின்ஸ்." பிகாஸ், வென், அண்டில் எல்லாத்துக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஆல்தோ மட்டும் பின்னாடி வந்தாலும் கமாவோட வரும். கமாவைச் சரி பண்ணுங்க, கோடு போயிடும்.

முற்றுப்புள்ளி | 11:52
கமா பிரச்சினையே இல்லைங்க. ஒரு மெயில் வாக்கியத்துல ரெண்டு வினைக்கு மேல போனாலே ஆபத்து. வெட்டுங்க. "வி டிஸ்பாச்ட் இட். இட் ஹாஸ் நாட் ரீச்ட்." ரெண்டு புள்ளி வச்சா இணைப்புச் சொல்லே தேவைப்படாது.

சொல்லேர் | 11:58
எட்டாம் வகுப்பில் முடித்திருக்க வேண்டிய பாடம் இது. இலக்கணம் படிக்காமல் மெயில் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். விதி ஒன்றே: இரண்டு வாக்கியங்களை இணைக்க ஓர் இணைப்புச் சொல் போதும். ஆல்தோ சார்பு இணைப்பு, பட் சம இணைப்பு. இரண்டையும் போட்டால் எது முதன்மை வாக்கியம் என்று தெரியாமல் போகும். பிகாஸ் வந்தால் ஸோ கூடாது என்பதும் அதே விதிதான். இந்த மன்றத்திலேயே பலமுறை எழுதியாகிவிட்டது, தேடிப் படியுங்கள்.

அல்சூர்_வாசகன் | 12:03
விதி சரிதான் ஐயா. "பட்டை எடுத்தா அந்தரத்துல நிக்குது"ன்னு அவர் சொன்னதுக்கு விதி பதில் சொல்லலையே.

ஜெயநகர்_டீச்சர் | 12:10
அந்தரத்துல நிக்கிற மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் தமிழ் கீலை எங்க வைக்குதுங்கிறதுதான். "மழை பெய்தாலும் போனோம்." இணைப்பு வேலையைச் செய்யுற "ஆலும்" முதல் வினையோட வாலில், ரெண்டு வாக்கியமும் தொடுற இடத்துலயே இருக்கு. பெய்ததால், பெய்தபோது, பெய்தால் எல்லாம் அப்படித்தான். கன்னடத்துலயும் "மளெ பந்தரூ", கீல் அதே இடம். இங்கிலீஷ்ல ஆல்தோ துணை வாக்கியத்தோட தலையில போய் உக்காந்துடுது. அதனால ரெண்டும் தொடுற இடம் காலியா இருக்கும், ஒரு கமாதான் மிச்சம். நம்ம காது அங்க ஒரு கீலைத் தேடுது, கை பட்டை எடுத்து வைக்குது.

இந்தியில "ஹாலாங்கி"க்குப் பின்னாடி "லேகின்" சாதாரணமா வரும், சீன மொழியிலயும் இந்த ரெண்டும் ஜோடியாத்தான் நடக்கும். அவங்களும் இங்கிலீஷ்ல இதே தப்பைப் பண்றாங்க. இது படிக்காததால வர்ற தப்பு இல்லைங்க.

இன்னும் வெறுமையாத் தெரிஞ்சா ஸ்டில் போடலாம்: "ஆல்தோ இட் ரெயின்ட், வி ஸ்டில் வென்ட்." ஸ்டில் வினையடை, இணைப்புச் சொல் இல்லை, அதனால மோதாது. தம்பி, வாக்கியத்தைப் போடுங்க.

சொல்லேர் | 12:17
பழைய பள்ளி இலக்கணங்களில் தோ, யெட் என்ற ஜோடியே பாடமாக இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், டீச்சர்.

ஜெயநகர்_டீச்சர் | 12:20
இருந்தது ஐயா, தப்பும் இல்லை. ஆனா இன்னைக்கு ஆபீஸ் மெயில்ல அது பழைய வாடை அடிக்கும். பட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முற்றுப்புள்ளி | 12:24
நான் சொன்ன மாதிரி வெட்டிட்டு ரெண்டாவது வாக்கியத்தைப் பட்ல ஆரம்பிச்சா முடிஞ்சது. "வி டிஸ்பாச்ட் இட் ஆன் மண்டே. பட் இட் ஹாஸ் நாட் ரீச்ட்."

சொல்லேர் | 12:27
அண்ட், பட் என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது. இதையும் இங்கே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அல்சூர்_வாசகன் | 12:35
அப்படி ஒரு விதி இங்கிலீஷ் இலக்கணத்துல இல்லை ஐயா, அது வகுப்பறைக் கட்டுப்பாடு. சின்னப் பிள்ளைங்க ஒவ்வொரு வரியையும் அண்ட்ல ஆரம்பிக்கிறதைத் தடுக்கச் சொன்னது. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிளை எடுங்க. ஆதியாகமம் முதல் அதிகாரத்துல 31 வசனம். 1, 27 தவிர மத்த 29 வசனமும் அண்ட்லதான் தொடங்குது. 27ஆவது தொடங்குறது ஸோவில், அதுவும் இணைப்புச் சொல்தான்.

சொல்லேர் | 12:41
அது எபிரேய மூலத்தில் சொல்லின் முன்னொட்டாக வரும் இணைப்பை அப்படியே பெயர்த்ததால் வந்தது. மொழிபெயர்ப்பை வைத்து இங்கிலீஷின் இயல்பைத் தீர்மானிக்க முடியாது. தமிழில் "மற்றும்" வந்த கதையும் இதுதான். "அரிசியும் பருப்பும்" என்று உம்மை இருக்க, "அரிசி மற்றும் பருப்பு" எதற்கு? தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் எண்ணும்மையும் ஒன்று.

ஹெப்பால்_கீபோர்ட் | 12:44
பத்துப் பொருளை வரிசையா அடுக்குற பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் உம் போட்டா படிக்கவே முடியாது ஐயா. அங்க மற்றும் இருந்துட்டுப் போகட்டும்.

சொல்லேர் | 12:47
"ஆகியவை" என்று ஒரு சொல் இருக்கிறதே. பட்டியல் முடிவில் அதை ஒரு தடவை போட்டால் போதும்.

ஜெயநகர்_டீச்சர் | 12:49
மற்றும் பத்தித் தனி இழை ஆரம்பிங்க, நானும் வர்றேன். கேள்வி கேட்டவருக்கு 3 மணி கெடு இருக்கு.

பீன்யா_டிஸ்பாச் | மதியம் 1:15
சாரி, லோடிங்ல இருந்தேன். வாக்கியம் இதுதான்:
"ஆல்தோ வி ஹாவ் டிஸ்பாச்ட் த மெட்டீரியல் ஆன் மண்டே, பட் த டிரைவர் ஹாஸ் நாட் ரீச்ட் ஒரகடம், ஹௌவெவர் வி வில் அப்டேட் யூ வென் ஹி வில் ரீச் அண்ட் டெஸ்பைட் வி டிட் ஃபாலோ அப் ஹிஸ் ஃபோன் இஸ் ஸ்விட்ச்ட் ஆஃப்."

அல்சூர்_வாசகன் | 1:19
இதை முதல்லயே போட்டிருந்தா 11:50க்கே முடிஞ்சிருக்கும். பட் ஒண்ணு மட்டும் இல்லை, நாலு மூட்டு உடைஞ்சிருக்கு.

ஜெயநகர்_டீச்சர் | 1:31
ஒவ்வொண்ணாப் பார்ப்போம் தம்பி.

பட்டை எடுத்துடுங்க, கமா இருக்கட்டும். மண்டேன்னு நாள் சொன்ன பிறகு ஹாவ் டிஸ்பாச்ட் வராது, வெறும் டிஸ்பாச்ட்.

ஹௌவெவர் இணைப்புச் சொல்லே இல்லை, வினையடை. அதுக்கு முன்னாடி கமா மட்டும் வச்சா ரெண்டு முழு வாக்கியம் ஒட்டிக்கிட்டு நிக்கும். முன்னாடி முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னாடி கமா, இப்படித்தான் வரணும். உங்க நீலக் கோடு இங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன். இந்த மெயிலுக்கு அந்தச் சொல்லே வேண்டாம். டிரைவர் வரலைங்கிறதுக்கும் நாங்க தகவல் சொல்றோம்ங்கிறதுக்கும் நடுவுல முரண் எதுவும் இல்லையே.

டெஸ்பைட் முன்னிடைச் சொல். பின்னாடி பெயர்தான் வரும், இல்லைன்னா வினையோட ஐஎன்ஜி வடிவம்: "டெஸ்பைட் அவர் கால்ஸ்", "டெஸ்பைட் காலிங் ஹிம்." எழுவாயும் பயனிலையும் சேர்ந்து வந்தா ஆல்தோதான். டெஸ்பைட் ஆஃப்னும் எழுதாதீங்க, ஆஃப் இன் ஸ்பைட்டுக்கு மட்டும்தான்.

வென் ஹி வில் ரீச்: நேரம் சொல்ற துணை வாக்கியத்துல வில் வராது, ரீச்சஸ் போதும். "வரும்போது"ன்னு மனசுல ஓடுது, "வரும்" எதிர்காலம்கிறதால வில் தானா வந்து உக்காந்துடுது.

ஹெப்பால்_கீபோர்ட் | 1:36
டீச்சர், "வி டோன்ட் நோ வென் ஹி வில் ரீச்" சரிதானே? அங்க வில் இருக்கே.

ஜெயநகர்_டீச்சர் | 1:40
சரிதான். அது "எப்போ வருவார்னு தெரியாது", உள்ளே ஒரு கேள்வி இருக்கு. தமிழ்ல சொல்லிப் பாருங்க. "எப்போ"ன்னு வந்தா வில் போடலாம். "வந்ததும்", "வரும்போது"ன்னு வந்தா கூடாது. இஃப்புக்கும் இதே சோதனை: "வருவாரான்னு தெரியலை"ன்னா வில் ஆகும், "வந்தா சொல்றோம்"னா ஆகாது.

முற்றுப்புள்ளி | 1:44
"ஆல்தோ வி டிஸ்பாச்ட் த மெட்டீரியல் ஆன் மண்டே, த டிரைவர் ஹாஸ் நாட் ரீச்ட் ஒரகடம். வி ஹாவ் கால்ட் ஹிம் ஸெவரல் டைம்ஸ், பட் ஹிஸ் ஃபோன் இஸ் ஸ்விட்ச்ட் ஆஃப். வி வில் அப்டேட் யூ வென் ஹி ரீச்சஸ்."
மூணு புள்ளி. அனுப்பிடுங்க.

சொல்லேர் | 1:52
இந்த வடிவம் சரி. இரண்டாம் வாக்கியத்தில் பட் தனியாக நின்று தன் வேலையைச் செய்கிறது. கஸ்டமர் மெயிலில் இன்னும் ஓர் ஆபத்தும் உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். "வி டிட் நாட் கேன்சல் த ஆர்டர் பிகாஸ் த பிரைஸ் வென்ட் அப்" என்று எழுதினால், விலை ஏறியதால் ரத்து செய்யாமல் விட்டோம் என்றும் படிக்கலாம், ரத்து செய்தோம் ஆனால் காரணம் விலை அல்ல என்றும் படிக்கலாம். நாட்டும் பிகாஸும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பிகாஸ் பகுதியை முன்னே கொண்டுவாருங்கள், குழப்பம் தீரும்.

பீன்யா_டிஸ்பாச் | 2:48
அனுப்பிட்டேன், ஓகே ஆயிடுச்சு. கோடு ஹௌவெவருக்கு முன்னாடி இருந்த கமாலதான் இருந்துச்சு. எல்லாருக்கும் நன்றி. இன்னொரு மெயில்ல "அன்லெஸ் யூ டோன்ட் பே"ன்னு இருக்கு, அதையும் கேக்கணும்.

அல்சூர்_வாசகன் | 2:51
டோன்டை எடுத்துடுங்க. அன்லெஸ்லயே "இல்லைன்னா" இருக்கு. மீதி வாக்கியத்தையும் முழுசாப் போடுங்க.