களி சாப்பிடுகிற அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரையும் வேண்டுமா?

அம்மாவுக்கு வயது 52, ஊர் பென்னாகரம் பக்கம். மூன்று மாதமாக ஒரே அசதி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. தர்மபுரியில் ரத்தப் பரிசோதனை எடுத்ததில் ஹீமோகுளோபின் 9.6. டாக்டர் இரும்புச்சத்து, கால்சியம் இரண்டும் எழுதித் தந்தார். பத்தே நாளில் வயிறு இறுகுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று அட்டைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். “களியும் கீரையும் தின்கிற உடம்புக்கு மாத்திரை எதுக்கு?”

கால்சியம் வரைக்கும் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. இரும்புக்குத்தான் முருங்கைக்கீரை, பேரீச்சை, வெல்லம் என்று ஆறு வாரம் பார்த்தோம். சாப்பிட்டதும் குடிக்கிற டீயையும் நிறுத்தினோம் (பெரிய சண்டை). மறுபடி பார்த்தால் 9.8.

தினமும் களி சாப்பிடுபவர் கால்சியத்தை விட்டுவிட்டு, இரும்பு மாத்திரையை மட்டும் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, என்ன சொன்னார்கள்?